தாயட்டைகள் எத்தனை?

யாழ்ப்பாணத் தீவகத்தின் கரையோரக் கடல் பல இடங்களில் இடுப்பளவுதான். வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறைப் பக்கத்திலும் நீர் வற்றும் நேரம் பார்த்து இறங்கினால் வெகுதூரம் நடந்தே போகலாம். அடியில் சேறு கலந்த மணல், அதன்மேல் கடற்புல். இப்படிப்பட்ட இடங்களில் இப்போது கம்பு நட்டு வலை கட்டிய அடைப்புகள் நிற்கின்றன. பக்கத்தில் பரண் போட்ட காவல் கொட்டில், இரவில் விளக்கு. உள்ளே வளர்வது மீனும் அல்ல, இறாலும் அல்ல. கடலட்டை.

அட்டையில் பல வகை உண்டு. கையில் எடுத்தால் ஒட்டும் நூலைக் கக்கும் நூல் அட்டைக்கு விலை குறைவு. பண்ணைக்காரர் தேடுவது வெள்ளை அட்டையை. விஞ்ஞானிகள் அதை ஹொலோதூரியா ஸ்கேப்ரா என்பார்கள். மணலைத் தின்று, அதில் கலந்திருக்கும் உயிர்ச்சத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மணலை வெளியே தள்ளும் பிராணி அது. பகலின் ஒரு பகுதியை மண்ணுக்குள் புதைந்தே கழிக்கும். குடல் எடுத்து, அவித்து, மணலில் புதைத்து, தோலின் சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்தால் ஹொங்கொங் சந்தையில் நல்ல விலை போகும். தீவகத்தில் இதை உண்பவர் இல்லை. ஆனாலும் பாக்கு நீரிணைக்கும் சீனாவுக்கும் இடையில் அட்டை வியாபாரம் பழையது. 1917 இல் ஜேம்ஸ் ஹோர்னல் சென்னை மாகாண மீன்வளத் துறைக்காக அதைப் பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை எழுதினார்.

தொட்டியில் இந்த அட்டையைக் குஞ்சு பொரிக்க வைக்கும் வித்தை பிறந்த இடமும் தூரத்தில் இல்லை. 1988 இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி. ஜேம்ஸ் குழுவினர் வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்து, குடம்பிகளை வளர்த்துக் குஞ்சாக்கினார்கள். அந்த வழிமுறை பின்னர் வியட்நாம், நியூ கலிடோனியா, மடகஸ்கார் என்று உலகைச் சுற்றியது. இந்தியாவோ 2001 இல் கடலட்டை பிடிப்பதையே தடை செய்து, அதைப் புலி, யானையோடு சேர்த்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்தது. பாக்கு நீரிணையின் ஒரு கரையில் அட்டையைத் தொட்டால் சிறை. மறுகரையில் அனுமதிப்பத்திரம் இருந்தால் பிடிக்கவும் வளர்க்கவும் செய்யலாம். தூத்துக்குடியில் கண்டுபிடித்த தொழில் யாழ்ப்பாணக் கரையில் வேரூன்றியதற்கு இந்தச் சட்ட வேறுபாடும் ஒரு காரணம்.

மன்னார் ஓலைத்தொடுவாயில் அரச நிறுவனமான நக்டா ஒரு குஞ்சு பொரிப்பகத்தை அமைத்தது. அரியாலையில் சீன முதலீட்டுடன் ஒன்று எழுந்தது. 2021 இல் பூநகரியின் கௌதாரிமுனையில் அமைந்த பண்ணையின் அனுமதி பற்றிப் பெரும் சர்ச்சை கிளம்பியது. 2022 ஜூனில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கர் அளவில் வர்த்தகக் கடலட்டைச் செய்கைக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டு கிராஞ்சி இலவன்குடாவில் சிறுதொழில் மீனவர்கள் அட்டைப் பண்ணைகளுக்கு எதிராகத் தொடர் போராட்டம் நடத்தினார்கள். சிறகுவலை போடும் இடம் போகிறது, படகு வழி அடைபடுகிறது, மீன்குஞ்சு வளரும் கடற்புல் மிதிபடுகிறது என்பவை அவர்களின் வாதங்கள். அவை நியாயமானவை. சீனா வருகிறதா, இந்தியா என்ன நினைக்கிறது என்ற அரசியலும் பத்திரிகைகளை நிறைத்தது. ஏக்கர் பற்றிப் பேசினார்கள், முதலீடு பற்றிப் பேசினார்கள், ஏற்றுமதி டொலர் பற்றிப் பேசினார்கள். அடைப்புக்குள் விடும் குஞ்சுகளுக்குத் தாய் தகப்பன் எத்தனை என்ற கேள்வி மட்டும் பொதுமேடைக்கு வரவேயில்லை. நீண்ட காலத்தில் இந்தத் தொழில் நிற்பதும் விழுவதும் அந்தக் கேள்வியில்தான் பெருமளவு தங்கியிருக்கிறது.

குஞ்சு பொரிப்பகத்தில் நடப்பதை அருகில் நின்று பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். கடலிலிருந்து கொண்டுவந்த பெரிய அட்டைகளைத் தொட்டியில் விடுவார்கள். வெளிப்பார்வைக்கு ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. பிறகு நீரின் வெப்பத்தைச் சில பாகை கூட்டுவார்கள். சிறிது நேரத்தில் ஓர் அட்டை முன்னுடம்பை நிமிர்த்திப் பாம்பு போல மெல்ல ஆடத் தொடங்கும். தலைப்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஒரு கோடு நீரில் கலையும். அது ஆண். பெரும்பாலும் ஆண்களே முதலில் தொடங்கும். பின்னர், சில வேளை ஒரு மணித்தியாலத்துக்கும் மேல் கழித்து, ஏதோ ஒரு பெண் நிமிர்ந்து ஒரே வீச்சில் முட்டைகளைப் பீச்சும். இளமஞ்சள் மேகம் ஒன்று தொட்டியில் விரியும். அந்த ஒரு மேகத்தில் பத்து இலட்சம் முட்டைகளும் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். தொட்டியில் கிடக்கும் மற்றப் பெண்கள் பலவும் அன்றைக்கு அசையாமலே இருந்துவிடும்.

வளமும் ஆபத்தும் ஒன்றாகவே இதில் இருக்கின்றன. பத்து இலட்சம் முட்டையில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால்கூடப் பத்தாயிரம் குஞ்சு. ஓர் அடைப்பை நிரப்ப ஒரு தாய் போதும். தொழில் நடத்துபவருக்கு அது நல்ல நாள். பரம்பரைக் கணக்குப் பார்ப்பவருக்கு அது கவலை தரும் நாள்.

கணக்கு கடினமானதல்ல. ஒரு தொட்டியில் 40 அட்டைகள் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் 3 பெண்களும் 10 ஆண்களும் மட்டும் அன்று கருப்பொருளை, அதாவது முட்டையையும் விந்தையும், விட்டன. இனப்பெருக்கத்தில் பங்கெடுத்த ஆண், பெண் எண்ணிக்கையிலிருந்து 'பயனுறு தொகை' என்ற ஒன்றைக் கணிப்பார்கள்: இரண்டையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். விடை ஒன்பது சொச்சம். தொட்டியில் கிடந்தவை நாற்பதானாலும், அடுத்த தலைமுறையின் பார்வையில் அங்கே இருந்தவை ஒன்பது அட்டைகளே. அந்த ஒரே தலைமுறையில் மரபணு வேறுபாட்டில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கழிந்துவிடும். அந்தக் குஞ்சுகளில் எந்த இரண்டை எடுத்தாலும் அவை ஒரே தாயின் வயிற்றிலிருந்து வந்திருக்க ஏறத்தாழ மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்தப் பண்ணையில் பெருத்த அட்டைகளையே அடுத்த முறை தாயட்டைகளாக எடுத்தால் சகோதரங்கள் கலக்கும். அதுவும் ஓர் ஐந்து தலைமுறை தொடர்ந்தால், வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அட்டை அட்டை மாதிரியே இருக்கும்.

இதே கதையை மிக நீளமாகப் படித்தவர்கள் சிப்பி வளர்ப்பவர்கள். சிப்பியும் அட்டையைப் போலவே நீரில் கருப்பொருளைக் கலந்துவிடும் உயிர். ஒரு தாயிடமிருந்து கோடிக்கணக்கான முட்டைகள் வரும். கலிபோர்னியாவின் டெனிஸ் ஹெட்ஜ்கொக், கடலில் கோடிக்கணக்கான சிப்பிகள் இருந்தாலும் ஒரு பருவத்தில் பிழைக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை மிகச் சில பெற்றோரின் பிள்ளைகளாக இருக்கக்கூடும் என்று 1990 களில் வாதிட்டார். நீரோட்டம், உணவு, வெப்பம் எல்லாம் சரியாக அமைந்த நாளில் முட்டையிட்டவளுக்கே லொத்தர் விழுகிறது என்பது அந்தக் கருத்து. 1990 இல் அவரும் சகா ஒருவரும் சேர்ந்து அமெரிக்க மேற்குக் கரைப் பொரிப்பகங்களின் பசிபிக் சிப்பிகளை ஆராய்ந்தபோது, பயனுறு தொகை பத்துக் கணக்கிலேயே நின்றது தெரியவந்தது. இலட்சக்கணக்கில் விற்ற சிப்பிக் குஞ்சுகளின் பின்னால் நின்றது ஒரு சிறு குடும்பம்.

மன்னார் முத்துப்பார்கள் இந்த லொத்தரின் பழைய சாட்சி. 1905 இல் ஒரே பருவத்தில் 80 மில்லியனுக்கும் மேல் சிப்பி எடுத்தார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் பதிவான ஒரு கம்பனி முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. 1907 க்குப் பிறகு பார் வெறுமையாகி, 1925 வரை சொல்லத்தக்க முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஹேர்ட்மனும் ஹோர்னலும் ஆராய்ந்து எழுதிய தடித்த ஐந்து பாக அறிக்கை நூலகத்தில் இருந்தது. சிப்பி கடலில் இல்லை. கடல் தானே நடத்தும் இனப்பெருக்கம் இவ்வளவு மேடுபள்ளமானது என்றால், தொட்டிக்குள் மனிதன் நடத்துவதில் எவ்வளவு கவனம் வேண்டும்.

வேறுபாடு குறைந்தால் என்ன நட்டம் என்று பண்ணைக்காரர் கேட்பது சரியே. வளர்ச்சி நன்றாக இருக்கிறது, விலையும் கிடைக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக ஏன் பயப்பட வேண்டும்? பதில் நோயோடுதான் வரும். 1957 இல் அமெரிக்காவின் டெலவெயர் விரிகுடாவில் எம்.எஸ்.எக்ஸ் என்ற ஒட்டுண்ணி நோய் சிப்பிகளை வாரிக்கொண்டு போனது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹரோல்ட் ஹஸ்கின் தப்பிப் பிழைத்தவற்றைத் தேர்ந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கினார். அந்த வழித்தோன்றல்கள் எம்.எஸ்.எக்ஸ் நோயைத் தாங்கின. தேர்ந்து பெருக்குவதால் கடற்பிராணிகளின் தாங்குதிறன் கூடும் என்பதை மெய்ப்பித்த முன்னோடி முயற்சி அது. ஆனால் டேர்மோ என்ற இன்னொரு நோய் அந்த விரிகுடாவில் பரவியபோது, முதல் நோய்க்காகத் தேர்ந்த சிப்பிகளும் அதற்குப் பலியாகின. ஒரு நோய்க்கு எதிராகச் சேர்த்த பலம் மற்ற நோய்க்கு உதவவில்லை. அடுத்த தேர்வைத் தொடங்க மறுபடியும் வேறுபாடுள்ள சிப்பிகள் தேவைப்பட்டன.

பிரான்ஸின் அனுபவம் இன்னும் கடுமை. 1960 களின் கடைசியிலும் 70 களின் தொடக்கத்திலும் ஒரு வைரஸ் அந்நாட்டுக் கரைகளில் வளர்ந்த போர்த்துக்கீசச் சிப்பியை ஏறத்தாழ இல்லாமலாக்கியது. பெரிய அளவில் ஜப்பானிலிருந்து பசிபிக் சிப்பிக் குஞ்சுகளையும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து தாய்ச்சிப்பிகளையும் கொண்டுவந்து இறக்கித்தான் தொழிலை மீட்டார்கள். மீட்க முடிந்ததற்குக் காரணம், வேறொரு கடலில் வேறொரு சிப்பி பலதரப்பட்ட மரபணுக்களோடு இருந்ததே. 2008 இல் ஹேர்ப்பீஸ் வைரஸின் புதிய வடிவம் ஒன்று அந்தப் பசிபிக் சிப்பிக் குஞ்சுகளையும் கொன்றது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பரவி 2016 ஜனவரியில் தஸ்மேனியாவுக்கு வந்தபோது, அங்கே பல ஆண்டுகளாகத் தனித்தனிக் குடும்பங்களாகப் பதிவு வைத்து இனம் பெருக்கி வந்தவர்கள் இருந்தார்கள். எந்தக் குடும்பம் தாங்குகிறது என்று பார்த்து அதைப் பெருக்க அவர்களால் முடிந்தது. அவர்களைக் காப்பாற்றியது அந்தக் குடும்பப் பதிவேடு.

இனத்தேர்வு என்பதே வேண்டாம் என்று இங்கே சொல்லவில்லை. வேகமாக வளரும் அட்டை, நீர் சூடானாலும் சாகாத அட்டை, தோற்புண் வராத அட்டை எல்லாம் தீவகத்துக்குத் தேவை. சீனா தன் வடகரையில் வளர்க்கும் வேறோர் இன அட்டையை ஆண்டுக்கு 2 இலட்சம் டன்னுக்கும் மேல் விளைவிக்கிறது. தேர்ந்து பெருக்கிய வகைகளை அங்கே அரசே பதிவு செய்கிறது. அப்படியிருந்தும் 2018 கோடையில் லியாவோனிங் மாகாணத்தில் குளங்கள் சூடேறி, அட்டைகள் பேரளவில் செத்தன. நாளை யாரோ ஒருவர் ஒரு 'நல்ல இன' வெள்ளை அட்டையைத் தீவகத்துக்குக் கொண்டுவருவார். அது நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க, உள்ளூர் அட்டைகள் எப்படிப்பட்டவை என்ற அடிப்படைக் கணக்காவது கையில் இருக்க வேண்டும்.

அளவான தேர்வுக்கும் கவனமற்ற பெருக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நன்னீர் மீன்களில் காணலாம். கர்நாடகப் பொரிப்பகங்களின் கெண்டை இனங்களை ஆராய்ந்து 1990 இல் எக்நாத், டொய்ல் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒவ்வொரு பொரிப்பகமும் தன் குளத்து மீனையே திரும்பத் திரும்பத் தாயாக எடுத்ததால் உறவுக்குள்ளேயே கலக்கும் உட்கலப்பு வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. வேண்டுமென்று எவரும் செய்ததல்ல. கையருகே இருந்த பெரிய மீனை எடுத்தார்கள், அவ்வளவுதான். புவனேஸ்வரத்தின் நன்னீர் மீன்வள நிறுவனம் நோர்வேயின் உதவியோடு 1992 இல் றோகு மீனில் இனத்தேர்வைத் தொடங்கியபோது, முதல் வேலையாகக் கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரமபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளிலிருந்தும் தங்கள் பண்ணையிலிருந்தும் மீன் சேர்த்தது. அகலமான அடித்தளம் போட்ட பிறகே தேர்வு. 1997 இல் வெளிவந்த 'ஜயந்தி' றோகு தலைமுறைக்கு ஏறத்தாழ 17 சதவீதம் கூடுதலாக வளர்ந்தது. ஒன்றில் பரப்பு சுருங்கிக்கொண்டே போனது. மற்றதில் முதலில் விரித்துப் பிறகு தேர்ந்தார்கள்.

தீவகத்து அட்டைக்கும் குளத்து மீனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, ஆபத்து முழுமையாவதும் அங்கேதான். குளத்துக்குக் கரை இருக்கிறது. அட்டை அடைப்பின் வலை அட்டையைத்தான் தடுக்கும். அதன் முட்டையைத் தடுக்காது. வெள்ளை அட்டை இருநூறு கிராம் அளவிலேயே பருவமடைந்துவிடும். சந்தைக்குப் போவதற்கு முன்னரே அது அடைப்புக்குள் நின்று முட்டையிடலாம். குடம்பிகள் ஏறத்தாழ இரண்டு வாரம் நீரில் மிதந்து திரிந்து, கடற்புல் இலையில் ஒட்டி இறங்கும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் நடுவில் அவற்றுக்கு வேலியில்லை.

1991 இல் நில்ஸ் ரைமன், லிண்டா லைக்ரே என்ற சுவீடன் ஆய்வாளர்கள் இந்த நிலைமைக்கு ஒரு கணக்கைக் காட்டினார்கள். எந்தக் கடற்றொழில் அலுவலகத்திலும் எழுதி ஒட்டத்தக்க கணக்கு அது. கடலில் ஆயிரம் பெற்றோருக்குச் சமமான இயற்கைத் தொகை இருக்கிறது என்று கொள்வோம். பத்துப் பெற்றோருக்குச் சமமான பொரிப்பகத்துக் குஞ்சுகள் நன்றாகப் பெருகி, அடுத்த தலைமுறையில் பாதி அவற்றின் பிள்ளைகளாகிவிட்டன என்றும் கொள்வோம். இரண்டையும் கூட்டினால் ஆயிரத்துப் பத்து வர வேண்டும் என்றே மனம் நினைக்கும். வருவது நாற்பது. கடலில் அட்டைகளின் எண்ணிக்கை ஏறியிருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் பரம்பரைச் செல்வம் ஆயிரத்திலிருந்து நாற்பதாக ஒடுங்கியிருக்கும். பண்ணை வெற்றி பெறுகின்ற அளவுக்கு இந்த ஒடுக்கமும் வேகப்படும். ஆகவே தாயட்டையின் எண்ணிக்கை பண்ணை வைத்திருப்பவரின் சொந்தக் காரியமாக இருக்க முடியாது. பண்ணையே இல்லாத சுழியோடியின் கடலும் அதில் மாறுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. கடலட்டை நீரில் கருக்கட்டும் உயிர் என்பதால், ஆணும் பெண்ணும் நெருக்கமாக இருந்தால்தான் முட்டை கருவாகும். இரவில் விளக்கோடு சுழியோடிப் பிடித்துப் பிடித்து அட்டை அருகிவிட்ட கடலில், மிஞ்சிய அட்டைகள் ஒன்றுக்கொன்று எட்டாத் தூரத்தில் கிடக்கும். அவை விடும் முட்டை வீணாகும். அடைப்புக்குள் நூற்றுக்கணக்கான பருவ அட்டைகள் நெருங்கிக் கிடப்பது அந்த வகையில் ஒரு வரம். பல பெற்றோர் கலந்த குஞ்சுகளை விட்டு, ஒரு பருவமாவது முட்டையிட்ட பிறகு அறுவடை செய்தால், அதே அடைப்புச் சுற்றுக்கடலுக்கு ஒரு நாற்றுமேடையாகும். எந்தக் குஞ்சு, எப்போது அறுவடை என்ற இரண்டும் சேர்ந்துதான் பண்ணையை நன்மையாகவோ தீமையாகவோ ஆக்குகின்றன.

பொரிப்பகக் குஞ்சு போதாதபோது கடலில் பொறுக்கிய சின்ன அட்டையை அடைப்புக்குள் விடுவதும் நடக்கிறது. மரபணுக் கண்ணால் பார்த்தால் அது நல்ல குஞ்சு. ஆயிரம் தாய்களின் பிள்ளைகள். கடலின் கண்ணால் பார்த்தால் அது கொள்ளை. பருவமடையாத அட்டையை இயற்கையிலிருந்து பிடுங்கி, விற்று முடிக்கும் அடைப்புக்குள் போடுவது வங்கியின் முதலைச் சாப்பிடுவதுதான். பொரிப்பகம் வேண்டும் என்ற கட்சியும் வேண்டாம் என்ற கட்சியும் இந்த இரண்டு உண்மைகளில் ஒவ்வொன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடுகின்றன.

வேறுபாடே இல்லாத பயிர் எப்படி விழும் என்பதற்கும் உதாரணம் இதே நீரிணையில் உண்டு. மண்டபம் பக்கத்தில் பெண்கள் மிதவைகளில் கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் கடற்பாசி வெளிநாட்டிலிருந்து சிறிதளவில் வந்து, துண்டு துண்டாக ஒடித்துக் கட்டிப் பெருக்கப்பட்டது. விதையில்லை, கலப்பில்லை, ஒரு செடியின் துண்டுகளே கடல் முழுக்க. 2012 வாக்கில் உலர்பாசி விளைச்சல் 1,500 டன்னை எட்டியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெரும் அழிவு வந்து, நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வருமானம் சரிந்தது. சூடு, நோய் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. எல்லாத் துண்டும் ஒரே மாதிரி இருக்கும்போது, ஒன்றைச் சாய்ப்பது அனைத்தையும் சாய்க்கும். புதிய கடற்பாசி வகைகளை இறக்குமதி செய்ய விதிமுறைகளை வகுத்து 2024 இல் இந்திய அரசு அறிவித்ததன் பின்னால் இந்த நெருக்கடியும் இருக்கிறது. வடமாகாணத்தில் கடற்பாசி கட்டுபவர்கள் நம்பியிருப்பதும் இதே கப்பாபைகஸைத்தான்.

நெடுந்தீவு மட்டக்குதிரைகளையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் கொண்டுவந்து பெருக்கியவை, பிரித்தானியர் காலத்தில் நோலன் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் இருந்தவை, பிறகு கைவிடப்பட்டுத் தரவையில் தாமாகத் திரிந்தவை. வெளியிலிருந்து புதுக்குதிரை வராமல், உள்ளிருப்பவை தமக்குள்ளேயே பெருகி நூற்றாண்டுகள் கழிந்தன. வறட்சியில் செத்தும் மழையில் தேறியும் நிலைத்துவிட்டன என்பது உண்மை. ஆனால் அவை சந்தைக்காக நெருக்கி வளர்க்கப்பட்டவையல்ல. அடைப்புக்குள் ஆயிரக்கணக்கில் நெருங்கிக் கிடக்கும் அட்டைக்கு அப்படிப்பட்ட அவகாசம் கிடைக்காது. நோய் ஒன்று புகுந்தால் ஒரு கிழமையில் கதை முடியலாம்.

எந்த ஊர்த் தாய் எந்த ஊர்க் கடலுக்கு என்பது அடுத்த சிக்கல். ஸ்வென் ஊத்திக்கேயும் ஸ்டீவன் பேர்செலும் நியூ கலிடோனியாவின் வெள்ளை அட்டைகளை ஆராய்ந்து 2004 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாலித் தீவின் அட்டையும் அவுஸ்திரேலிய அட்டையும் நியூ கலிடோனிய அட்டையிலிருந்து தெளிவாக வேறுபட்டிருந்தன. ஒரே தீவின் கரைகளுக்குள்ளும் சில இடங்களில் வேறுபாடு தெரிந்தது. கடலில் விடும் குஞ்சுக்குத் தாயட்டையை அந்தக் கடலிலிருந்தே, அல்லது அதற்கு மிக அருகிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது அவர்களின் அறிவுரை. அதை இங்கே பொருத்தினால், மட்டக்களப்பு வாவிக்கும் நெடுந்தீவுக் கரைக்கும் ஒரே பொரிப்பகத்திலிருந்து குஞ்சு போவது யோசிக்க வேண்டிய விடயம். வாவியின் உப்பு மழைக்காலத்தில் இறங்கும். நெடுந்தீவின் கடல் அப்படியல்ல. ஒவ்வொரு கரையின் அட்டையும் அந்தந்த நீருக்குப் பழகியிருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே தொட்டியின் பிள்ளைகளாக்கிவிட்டால், அந்தப் பழக்கத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

செய்ய வேண்டியவை பெரிய பணத்தைக் கேட்பவையல்ல. ஒரு முட்டையிடலுக்கு எத்தனை அட்டை வைத்தார்கள் என்பதைவிட எத்தனை உண்மையில் முட்டையும் விந்தும் விட்டன என்று எழுதி வைப்பது முதல் வேலை. ஆடத் தொடங்கும் அட்டையை உடனே தனி வாளிக்கு மாற்றினால் ஒவ்வொரு தாயின் முட்டையையும் அளந்து சமமாகக் கலக்கலாம். ஒரு தாய் மட்டும் தொட்டியை ஆக்கிரமிப்பது நிற்கும். உட்கலப்புத் தலைமுறைக்கு ஒரு சதவீதத்தைத் தாண்டாமலிருக்க ஐம்பது பெற்றோருக்குச் சமமான பயனுறு தொகை வேண்டும் என்பது இனவிருத்தியில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஒரே நாளில் அது கிடைக்காது. பருவம் முழுவதும் வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு கரைகளிலிருந்து கொண்டுவந்த தாயட்டைகளை முட்டையிட வைத்துக் குஞ்சுகளைக் கலந்தால் கிடைக்கும். பண்ணையில் வளர்ந்ததைத் தாயாக எடுக்காமல், கடலிலிருந்து எடுத்துப் பயன்படுத்திவிட்டு உயிரோடு எடுத்த இடத்திலேயே திரும்ப விடுவது இன்னும் பாதுகாப்பு.

அப்படி எடுக்கக் கடலில் தாயட்டை இருக்க வேண்டும். ஆகவே தீவகத்தில் இரண்டு மூன்று கடற்புற் பரப்புகளையாவது பண்ணையும் பிடியும் இல்லாத இடங்களாக ஒதுக்குவது பண்ணைக்காரருக்கே தேவையானது. எந்த இடம் என்று கொழும்பில் இருந்து கோடு போடக் கூடாது. எந்தப் பருவத்தில் எங்கே பெரிய அட்டை கிடக்கும் என்பது சுழியோடிகளுக்கும் கடற்றொழிலாளர் சங்கங்களுக்கும் தெரியும். இலவன்குடாவில் வீதிக்கு வந்தவர்களும் அந்த மேசையில் உட்கார வேண்டும். ஒதுக்கிய இடம் அவர்களின் சிறகுவலைக்கும் இறால் குஞ்சுக்கும் காப்பாக இருக்கும் என்பதால், பண்ணைக்காரரும் எதிர்ப்பவர்களும் ஒத்துப்போகக்கூடிய அரிதான விடயங்களில் இது ஒன்று.

மரபணுச் சோதனைக்கு அட்டையைக் கொல்ல வேண்டியதில்லை. நகக்கண் அளவு திசு ஒன்றை வெட்டி மதுசாரக் குப்பியில் போட்டால் போதும். புண் தானே ஆறும். ஒவ்வொரு தொகுதிக் குஞ்சிலிருந்தும் சிலவற்றையும், நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, மன்னார்க் கரைகளின் இயற்கை அட்டைகளிலிருந்து சிலவற்றையும் இப்போதே எடுத்து வைத்தால், பண்ணைகள் கடலை மூடுவதற்கு முந்திய நிலை பதிவாகிவிடும். அந்தக் குப்பிகளைச் சேர்த்து ஆராய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. குஞ்சு வாங்கும் சங்கங்களும் தனியாரும் பொரிப்பகத்திடம் பற்றுச்சீட்டோடு இன்னொரு துண்டையும் கேட்டு வாங்கலாம்: தாயட்டை எந்தக் கரையிலிருந்து வந்தது, முட்டையிட்ட பெண் எத்தனை, ஆண் எத்தனை, தேதி என்ன. பண்ணை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்தத் துண்டுகளைக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்க நக்டாவுக்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை.